ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா: பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

ஜனவரி பிறந்துவிட்டால் சென்னையில் எல்கேஜி விண்ணப்பப் பேச்சு ஆரம்பித்துவிடும். எனக்கு வருகிற போன்களும் அப்போது கூடும். "மேடம், இவனுக்கு ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க, நல்ல ஸ்கூலா ஒண்ணு சொல்லுங்க" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு போனை வைக்க முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் ஒரே பள்ளியில் ஒரு பிள்ளை நன்றாகத் தேறி வந்ததையும், இன்னொரு பிள்ளை சீருடையைக் கண்டாலே அழ ஆரம்பித்ததையும் பார்த்திருக்கிறேன்.

அரசுப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராகச் சில காலம், அப்புறம் ஒரு தனியார் பள்ளியின் ரிசோர்ஸ் ரூமில், அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரும் அறையில், சில காலம் வேலை பார்த்தவள் நான். அரசுப் பக்கம், தனியார் பக்கம் இரண்டிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் பன்னிரண்டாம் வகுப்புவரை கவலையில்லை என்ற கணக்கு இந்தப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. ஒன்றாம் வகுப்பில் ஒன்று, நான்கு அல்லது ஐந்தாம் வகுப்பில் ஒன்று, ஒன்பதாம் வகுப்புக்கு முன் ஒன்று என்று மூன்று தடவை முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த மூன்றில் முதல் கட்டத்துக்கு, பேச்சு ஓரளவு வந்து, கூட்டத்தில் உட்காரப் பழகிவரும் பிள்ளையென்றால், பெரிய பெயருள்ள பள்ளியைவிட வீட்டுப் பக்கத்துச் சின்னப் பள்ளியே மேல். அது அரசுத் தொடக்கப் பள்ளியாக இருந்தாலும்தான்.

பள்ளிகளைப் பார்க்கப் போவதற்கு முன் காகித வேலை ஒன்று இருக்கிறது: குறைபாட்டுச் சான்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. வாசிக்கவும் எழுதவும் திணறவைக்கும் டிஸ்லெக்சியா இரண்டாவதில் அடங்கும். கவனம் நிற்காமல், ஓரிடத்தில் உட்கார முடியாமல் செய்யும் ஏடிஎச்டி தனிப்பெயராக அந்தப் பட்டியலில் இல்லை. ஏடிஎச்டி மட்டும் உள்ள பிள்ளையின் பெற்றோர் சலுகை கேட்டு அலையும்போது இடிக்கிற இடம் இதுதான். பல பிள்ளைகளுக்கு அதோடு கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதையும் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமல்லாமல் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடு இல்லாமல் பிள்ளைகளைச் சேர்த்து, தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. மெட்ரிக், சிபிஎஸ்இ எல்லாம் இதற்குள் வரும். 31-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம்.

"சான்று வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள்" என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாங்கி பீரோவில் வையுங்கள். மாமியாரிடம் காட்ட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் தேவைப்படும்போது ஓடினால் மருத்துவக் குழுவின் தேதி கிடைப்பதற்குள் தேர்வே வந்துவிடும். கற்றல் குறைபாட்டுச் சான்று பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகுதான் கிடைக்கும்; 14 வயதில் மறுபடி சோதிக்கச் சொல்வார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடிக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடலாம். எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் தொடங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையம் பக்கத்தில் இருந்தால் அங்கும் போகலாம்.

அரசுப் பள்ளி

நடுத்தர வர்க்கப் பெற்றோரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முகம் மாறும். "நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம் மேடம், பீஸ் கட்ட முடியும்" என்பார்கள். பீஸ் கட்ட முடியுமா என்பது என் கேள்வி இல்லை.

பல அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வகுப்பில் பதினைந்து, இருபது பிள்ளைகள்தான். சத்தமும் நெரிசலும் தாங்காத பிள்ளைக்கு இதுவே பாதி மருந்து. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துகளை மட்டும் அறிந்த நிலையில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். அதற்கென்று பயிற்சி நூலும் இருக்கிறது. ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் இதே பிள்ளை, மற்றவர்கள் பத்தியாக எழுதுகிற அதே நோட்டில் அதே பத்தியைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும், ஒரு வார்த்தை புரியாமல். வீட்டுப்பாடச் சுமையும் அரசுப் பள்ளியில் குறைவு. மாலை நேரம் தெரபிக்கும் விளையாட்டுக்கும் மிஞ்சும்.

தமிழ்வழி என்பதையும் கணக்கில் எடுங்கள். பேச்சே தாமதமாக வருகிற பிள்ளை வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று திண்டாடுவதைவிட, அம்மா பேசுகிற மொழியிலேயே டீச்சரும் பேசினால் பிள்ளைக்கு ஒரு வேலை குறையும். இருமொழி ஆட்டிசத்தைக் கூட்டிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், அப்படி இல்லை. ஆனால் புரியாத மொழியில் "சிட் டவுன்", "லைன் அப்" என்று நாள் முழுக்கக் கட்டளை கேட்கிற பிள்ளை அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கிவிடுகிறது.

இனி குறைகள். சிறப்புப் பயிற்றுநர் அந்தப் பள்ளியிலேயே இருக்க மாட்டார். வட்டார வள மையத்திலிருந்து முறைவைத்து வருவார். ஒருவர் தலையில் பல பள்ளிகள். தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. களத்தில் நிலைமை அதற்கு வெகுதூரம். வருகிறவர்களும் தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்கள். நான் வாரத்தில் ஒரு முறை ஒரு பள்ளிக்குப் போனால் கிடைத்தது ஒரு மணி நேரம். அதில் பாதி, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் பதிவதற்கே போய்விடும். ஆகவே உங்கள் பிள்ளையின் கதி வகுப்பாசிரியர் கையில். அவர் பொறுமைசாலி என்றால் அந்தப் பள்ளி சொர்க்கம். அவருக்கு இடமாறுதல் வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

இன்னொரு சிக்கல் எட்டாம் வகுப்புவரை எல்லோரும் தேர்ச்சி என்பது. 2024 டிசம்பரில் மத்திய அரசு ஐந்து, எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியபோதும், தமிழ்நாடு பழைய முறையையே தொடர்வதாகச் சொல்லிவிட்டது. இந்தப் பிள்ளைகளைத் தோல்வி என்ற சொல்லிலிருந்து காப்பாற்றுவதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் ஆண்டுதோறும் மேலே ஏறிக்கொண்டே போகிற பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று யாரும் பார்க்காமல் விட்டால், ஒன்பதாம் வகுப்பில்தான் வீட்டுக்கே தெரிய வரும். வீட்டில் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் எந்தப் பக்கத்தை வாசித்தான், மார்ச்சில் எந்தப் பக்கத்தை வாசிக்கிறான், அது போதும்.

கடுமையான, பன்முகக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி என்ற வழியையும் கல்வி உரிமைச் சட்டம் தருகிறது. அது தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. ஆனால் நடந்து வந்து உட்காரக்கூடிய ஆட்டிசப் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, "வீட்லயே இருக்கட்டுங்க, நாங்க வந்து பார்க்கிறோம்" என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தனியார் பள்ளி

இதில் இரண்டு ரகம். ரிசோர்ஸ் ரூம் இல்லாத பள்ளி, இருக்கிற பள்ளி.

இல்லாத பள்ளியில் இரண்டு அனுபவங்கள் நடக்கும். ஒன்று, நேர்காணல் என்ற பெயரில் பிள்ளையை உட்காரவைத்து நிறம் கேட்டு, பெயர் கேட்டு, பதில் வராதபோது "எங்ககிட்ட வசதி இல்லை, குழந்தைக்குத்தான் கஷ்டம்" என்று கனிவாக அனுப்பிவிடுவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இப்படிச் சோதித்துச் சேர்ப்பதையே தடைசெய்கிறது. இன்னொன்று, "ஒரு வருஷம் பார்க்கலாம்" என்று சேர்த்துக்கொண்டு ஏப்ரலில் டிசியை நீட்டுவது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அலுவலகத்துக்கு எழுதலாம். எழுதியவர்களுக்குப் பலன் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், சட்டத்தைக் காட்டி உள்ளே நுழைந்த பிள்ளையிடம் அந்த வகுப்பறை எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளாது. பக்கத்தில் வேறு நல்ல வழி இருந்தால் நான் சண்டையை விட்டுவிட்டு அங்கே போகச் சொல்வேன். ஊரில் அது ஒன்றுதான் பள்ளி என்றால் சண்டை போடத்தான் வேண்டும்.

பணம் தடையாக இருப்பவர்களுக்குத் தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் பிள்ளைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு' என்ற வகையில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் குலுக்கலுக்கு முன்பே அவர்களுக்கு முன்னுரிமை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பில் மட்டுமே நுழைய முடியும். அறிவிப்பு எப்போதும் ஏப்ரலில் வரும் என்று நம்பி உட்கார வேண்டாம். 2025-26-இல் நிதிச் சிக்கலில் அது அக்டோபர்வரை இழுத்தது.

ரிசோர்ஸ் ரூம் உள்ள பள்ளி என்றதும் பெற்றோர் கண்ணில் ஒளி வரும். சிபிஎஸ்இ விதிப்படி பள்ளிகள் சிறப்புக் கல்வியாளரை வைத்திருக்க வேண்டும் என்பதால் இப்போது நிறைய பள்ளிகளில் அந்தப் பலகை தொங்குகிறது. அந்த அறைக்குள் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளை ஒரு நாளில் எத்தனை பீரியட் அந்த அறையில் இருக்கிறது, எத்தனை பீரியட் தன் வகுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். காலையில் வந்து மாலைவரை ரிசோர்ஸ் ரூமிலேயே இருந்தால் அது சிறப்புப் பள்ளிதான். என்ன, வழக்கமான பள்ளிக் கட்டணத்துக்கு மேல் தனிக் கட்டணமும் வாங்குகிற சிறப்புப் பள்ளி. ஒன்றிரண்டு பீரியட் அங்கே மொழிப்பாடமோ கணக்கோ தனியாகப் படித்துவிட்டு, மற்ற நேரம் வகுப்பில் இருந்தால், அதற்குக் கொடுக்கிற பணம் தகும்.

வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து உதவும் ஷேடோ டீச்சர் விஷயமும் அப்படித்தான். பள்ளி கேட்கும், சம்பளம் நீங்கள் தருவீர்கள். ஆரம்பத்தில் ஒரு வருஷம் உதவும். நல்ல ஷேடோ டீச்சர் மெதுவாக விலகிக்கொண்டே போவார். மூன்றாவது வருஷமும் பிள்ளையின் தோளோடு தோள் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பதிலாக அவரே எழுதிக்கொண்டிருந்தால் வகுப்பாசிரியருக்கு உங்கள் பிள்ளையின் பெயர்கூட மறந்துபோகும். சிறப்புக் கல்வியாளர் என்று யாரை அறிமுகப்படுத்தினாலும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் உண்டா என்று கேட்கலாம். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

சிறப்புப் பள்ளி

பேச்சு இன்னும் வராத, தன்னைத்தானே அடித்துக்கொள்கிற, கழிப்பறைப் பழக்கத்துக்கே முழுநேர உதவி தேவைப்படுகிற பிள்ளையை முதலில் இங்கே சேர்ப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை. சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருப்பவர்களுக்கு, இதுவே கடைசிவரை சரியான இடம். தெரபியும் பாடமும் ஒரே கூரையின்கீழ் கிடைப்பதால் அம்மாவின் பாதி நாள் ஆட்டோவில் கழியாது.

சென்னை கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர், முட்டுக்காட்டில் உள்ள பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. டிஸ்லெக்சியாவுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தின் அனன்யா மையம் வேறு மாதிரி: பிள்ளை அங்கே முழுநேரம் படித்து, வாசிப்பு கைக்கு வந்ததும் வழக்கமான பள்ளிக்குத் திரும்பும். அந்தத் திரும்புகிற ஏற்பாடுதான் எனக்கு முக்கியம். எந்தச் சிறப்புப் பள்ளிக்குப் போனாலும், இங்கிருந்து வழக்கமான பள்ளிக்குப் போன பிள்ளைகள் உண்டா என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால், சேரும்போதே எப்போது மறுபடி சோதிப்போம் என்று ஒரு தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஐந்து வயதில் போன பிள்ளை பழக்கத்தினாலேயே பதினைந்து வயதுவரை அங்கே இருந்துவிடும்.

போய்ப் பார்க்கும்போது

முதல்வர் அறையில் பேசுவதில் பாதிக்கு மேல் பயன் இல்லை. "நாங்க எல்லாக் குழந்தைகளையும் ஒண்ணாத்தான் பார்க்கிறோம்" என்று ஒரு முதல்வர் பெருமையாகச் சொன்னால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். ஒன்றாகப் பார்த்தால் நம் பிள்ளைக்கு வேண்டியதை எப்படிச் செய்வார்கள்? கேட்க வேண்டியது எல்லாம் சின்னச் சின்ன விஷயம். காலை வணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காவிட்டால் பிள்ளை எங்கே நிற்கும்? காதை மூடும் ஹெட்போனை வகுப்பில் போட்டுக்கொள்ளலாமா? கரும்பலகையில் இருப்பதை முழுதாக எழுதி முடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? பிள்ளைக்கு வெடித்து அழுகை வந்தால் யார் வருவார்கள், எந்த இடத்துக்குக் கூட்டிப்போவார்கள்? தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவீர்களா, அதை வகுப்பாசிரியரும் படிப்பாரா? இவற்றில் இரண்டுக்காவது யோசிக்காமல் பதில் வந்தால், இதற்கு முன் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "அதுக்கு மேல அவங்கவங்க டிசிப்ளின்" என்று பதில் வந்தால் விண்ணப்பத்தை வாங்காமலேயே கிளம்பிவிடலாம்.

முடிந்தால் இடைவேளை நேரத்தில் போங்கள். ஆயாம்மா பிள்ளைகளை எப்படி அதட்டுகிறார், வேன் டிரைவர் எப்படி ஏற்றுகிறார் என்று அரை மணி நேரம் வெளியே நின்று பார்த்தால் தெரிவது முதல்வர் அறையில் ஒரு மணி நேரம் பேசினாலும் தெரியாது. பார்த்த பள்ளிகளில் இரண்டு சமமாகத் தோன்றினால் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். ஏடிஎச்டி பிள்ளை ஒன்றரை மணி நேரம் வேனில் உட்கார்ந்து போய் இறங்கும்போதே அன்றைய பொறுமையில் பாதியைச் செலவழித்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்புக்கு முன்

இங்கே பள்ளியைவிடத் தேர்வு வாரியம்தான் பெரிய கேள்வி. மாநில வாரியத்தில் பத்தாம் வகுப்புக்கு ஒரு மொழிப்பாட விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் உண்டு. டிஸ்லெக்சியா மட்டும் என்றால் இது பெரும்பாலும் போதும். ஆனால் கணக்கை விட முடியாது. எண்களோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு அதுதான் சுவர். சிபிஎஸ்இயில் இந்தப் பிள்ளைகள் ஒரு மொழியோடு நிறுத்திக்கொண்டு, கணக்குக்குப் பதிலாக ஓவியம், இசை, மனையியல் போன்ற பாடங்களை எடுக்க வழி இருக்கிறது. கூடுதல் நேரமும் உண்டு. விதியில் இருப்பதை எடுத்துச் சொல்ல பள்ளியில் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பல பள்ளிகள் "எங்ககிட்ட பெயிண்டிங் இல்லை" என்று முடித்துவிடும்.

மூன்றாவது, தேசிய திறந்தநிலைப் பள்ளி. 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடம், கணக்கு கட்டாயமில்லை, தமிழிலும் எழுதலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்பு. இந்த ஏப்ரலில் இரண்டு பாடம், அக்டோபரில் ஒன்று என்று நிதானமாகப் போகலாம். தேர்வு என்றாலே நடுங்குகிற பிள்ளைக்கு இது ஒரு வரம். ஆறாம் வகுப்பிலேயே பள்ளியை நிறுத்திவிட்டு "எப்படியும் ஓப்பன் ஸ்கூல்தானே" என்று வீட்டில் வைத்துக்கொள்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அந்த வயதில் பிள்ளைக்குப் பாடத்தைவிடப் பக்கத்து பெஞ்சுப் பையன்தான் தேவை. அது எந்த டியூஷன் சென்டரிலும் கிடைக்காது. மாநில அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் இந்தச் சான்றிதழை மாநில வாரியச் சான்றிதழுக்குச் சமமாக ஏற்பது பற்றிய நடப்பு விதியை முதலிலேயே பார்த்துக்கொள்வதும் நல்லது.

எந்த வாரியம் என்றாலும் பேச்சை எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு சமயத்திலேயே தொடங்கிவிடுங்கள். பழைய சான்றைப் புதுப்பிக்க வேண்டும், பள்ளி வழியாகச் சலுகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சொல்வதை எழுதுபவரோடு பிள்ளை சில மாதமாவது பழகிப் பார்க்க வேண்டும். தேர்வு அன்றுதான் அந்த முகத்தை முதல்முறை பார்க்கிறான் என்றால், கொடுத்த கூடுதல் ஒரு மணி நேரமும் அவன் வாய் திறப்பதற்கே போய்விடும். ஒன்பதாம் வகுப்புத் தேர்வுகளிலேயே அந்த ஏற்பாட்டைச் செய்து தரும்படி பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்.